ஒரு திகதியால் முளைத்த கடன்

கடன் வசூலிப்போரிடமிருந்து கடிதம் வந்தால் எம்மவரிடையே இருவித நடத்தைகளைக் காண்கிறோம். ஒரு சாரார் கடித உறையைத் திறவாமலே இழுப்பறையில் போட்டு மூடுகின்றனர். மறுசாரார், கேட்ட தொகை சரியோ பிழையோ, மானம் போகக்கூடாதென்று சீட்டுப் பணத்தை எடுத்தாவது கட்டித் தீர்க்கின்றனர். முன்னையது தீங்கு என்பதை யாவரும் அறிவர். பின்னையதும் அத்தகையதே என்பதை உணர்த்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை, அவர்களின் சம்மதத்துடன், பெயர் தவிர்த்துத் தருகின்றோம். மூத்த மகன் கல்லூரியொன்றிற் சேர்ந்து, ‘ஓசாப்’ என்று நாம் சுருக்கி வழங்கும் ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தின் கீழ் மானியம் மட்டுமே பெற்றான். கடனாக ஒரு சதமேனும் எடுக்கவில்லை. தந்தை இருதய நோயால் படுக்கையில் விழவே, ஒன்பதாம் வாரத்தில் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றான். விலகற் படிவத்தையும் முறைப்படி நிரப்பிக் கொடுத்தான். கல்லூரி ஏட்டிலோ அவன் மூன்றாம் வாரத்திலேயே விலகியதாகப் பதிவாயிற்று.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். வகுப்புகள் தொடங்கி 30 நாள்களுக்குள் முழுநேரப் படிப்பைக் கைவிடுபவரின் மானியம் கடனாக மாற்றப்படும் என்பது விதி. ஆகவே அந்தப் பிழையான திகதி, பெற்ற மானியத்தை ஒரே நாளில் கடனாக்கி விட்டது. அறிவித்தல்கள் யாவும் குடும்பம் முன்னர் வாடகைக்கிருந்த பேஸ்மென்ற் முகவரிக்கே சென்றன. தவணைப் பணம் 270 நாள்கள் செலுத்தப்படாவிடின், அது தவறிய கடனாகக் கொள்ளப்படும். அதன்பின் மத்திய அரசின் பங்கைக் கனடா வருவாய் முகவரகமும், மாகாணத்தின் பங்கைத் தனியார் வசூல் நிறுவனமும் அறவிட முற்படும். ஒரே கடனுக்கு இரு திசைகளிலிருந்தும் கடிதம் வந்ததன் காரணம் இதுவே.

அகதிக் கோரிக்கைக் காலந்தொட்டு முத்திரையிட்ட கடிதமென்றாலே நடுங்குபவர் அந்தத் தாய். தொலைபேசியில் வந்த குரல் வழக்கு, நீதிமன்றம் என்று சொன்னதும், மகனின் குடியுரிமைக்கே ஆபத்தென்று எண்ணிவிட்டார். கடன் செலுத்தாமை இந்நாட்டிற் குற்றமன்று. அதற்காக எவரும் சிறை செல்வதில்லை, நாடு கடத்தப்படுவதுமில்லை. நீதிமன்றத் தீர்ப்பின்றித் தனியார் வசூல் நிறுவனம் சம்பளத்திற் கைவைக்கவும் முடியாது. வருவாய் முகவரகத்தின் நிலை வேறு. அது வழக்கின்றியே வரி மீளளிப்பைப் பிடித்துக் கொள்ளலாம். இவ்விளைஞனுக்கும் அவ்வாறே நேர்ந்தது.

தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த ஒன்ராறியோவிற் சட்டம் உண்டு. முதலிற் கடன் விபரத்தை எழுத்தில் அனுப்பி, ஆறாம் நாள் வரை பொறுத்த பின்னரே பணம் கேட்கலாம். முதன்முறை பேசிய பின்னர், ஏழு நாள்களுக்குள் மூன்று தடவைக்கு மேல் தொடர்பு கொள்ளலாகாது. ஞாயிற்றுக்கிழமையில் பிற்பகல் ஒரு மணி முதல் ஐந்து மணி வரையும், ஏனைய நாள்களில் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரையுமே அழைக்கலாம். விடுமுறை நாளில் அறவே கூடாது. உறவினரையும் அயலவரையும் அழைத்துக் கடனைப் பற்றிப் பேசுவதும் தவறு. எமது சமூகத்தில் மாமன் வீட்டுக்கு வரும் ஓர் அழைப்பு நூறு கடிதங்களைவிட வலியது என்பதால் இதனை அழுத்திச் சொல்கின்றோம். கடனை மறுக்கிறோம், வேண்டுமாயின் நீதிமன்றம் செல்லுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதிவிட்டால், அந்நிறுவனம் மேலும் தொடர்பு கொள்ளலாகாது.

எனினும் இக்கடிதம் தொல்லையைத்தான் நிறுத்தும், கடனை அழிக்காது. ஆறு வருடம் பொறுத்தால் தானே மறைந்துவிடும் என்று கடைத்தெருவிற் சொல்லப்படும் கதையையும் நம்பவேண்டாம். மாணவர் கடனின் மாகாணப் பங்குக்கு ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் எந்த எல்லையும் வைக்கவில்லை. மத்திய பங்குக்கு ஆறு வருட எல்லை உண்டெனினும், கடனை ஏற்று ஒரு சிறு தொகை செலுத்தினாலும் அக்கணக்கு புதிதாய்த் தொடங்கிவிடும். “ஐம்பது டொலராவது கட்டுங்கள், பிறகு பார்ப்போம்” என்ற இனிய குரலுக்கு மயங்கலாகாது என்பது இதனாலேயே.

வசூலிப்பவருக்குத் திகதியைத் திருத்தும் அதிகாரம் இல்லை. அவரிடம் வாதாடுவது காசாளரிடம் சட்டமியற்றக் கேட்பது போன்றது. திகதி பிறந்த இடம் கல்லூரி. அங்குதான் திருத்த முடியும். நாம் அந்த இளைஞனுடன் அமர்ந்து, ஐந்தாம், ஏழாம் வாரங்களில் அவன் ஒப்படைத்த பாட வேலைகள், ஆசிரியர் இட்ட புள்ளிகள், விலகற் படிவத்தின் பிரதி ஆகியவற்றைத் திகதி வாரியாக அடுக்கினோம். கல்லூரிப் பதிவாளருக்கும் மாணவர் நிதியுதவி அலுவலகத்துக்கும் ஒரே நாளிற் கடிதம் சென்றது. வசூலிப்போர் இருசாராருக்கும் பிரதிகள் அனுப்பப்பட்டன. பதில் வராவிடின், பொதுக் கல்லூரிகள் பற்றிய முறைப்பாடுகளை ஒன்ராறியோ ஒம்புட்ஸ்மன் அலுவலகம் இலவசமாக விசாரிக்கும் என்பதையும் அறிந்து வைத்திருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

நான்கு மாதங்களின் பின் கல்லூரி திகதியைத் திருத்தியது. கடனான மானியம் மீண்டும் மானியமாயிற்று. பிடித்து வைத்த வரிப்பணம் திரும்பி வந்துவிட்டது. கடன் தகுதி அறிக்கையிற் பதிந்த குறிப்பு மட்டும் இன்னும் நீங்கவில்லை. அதை நீக்கக் கோரும் கடிதங்களை, கல்லூரியின் திருத்தப் பிரதியுடன், சென்ற வாரம் அவனே எழுதி அனுப்பியிருக்கிறான்.