பழகிய திரையும் புதிய திரையும்

தச்சர் உளியைத் தேடிக்கொண்டு வேலை செய்வதில்லை. அது இருக்குமிடத்தை அவருடைய கை அறியும். தட்டச்சில் தேர்ந்தவர் எழுத்துக்களைப் பாராமலே பக்கங்களை அடித்து முடிப்பார். நாள்தோறும் கையாளும் கருவியைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கைப்பழக்கமாகவே நம்மிடம் தங்குகிறது. கணினித் திரையும் இத்தகைய கருவியே. அதன் அமைப்பு திடீரென்று மாற்றப்பட்டால் விளைவு யாது? 2011ஆம் ஆண்டில் லினக்ஸ் கணினிகளை உபயோகிப்போரிடையே எழுந்த கொந்தளிப்பு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகிறது.

மேசைத்திரை என்பது யாது?

லினக்ஸ் என்பது கணினியின் உறுப்புக்களை இயக்கும் மையநிரலாகும். 1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் தொடங்கினார். இந்நிரல் கண்ணுக்குப் புலப்படாமல் பணியாற்றுவது. நம் கண்முன் தோன்றும் சாளரங்கள், பட்டிகள், படக்குறிகள் ஆகியவற்றை வேறொரு மென்பொருள் தொகுதி அளிக்கிறது. இதற்கு 'டெஸ்க்டாப்', அதாவது மேசைத்திரை, என்று பெயர். லினக்ஸின் மீது இயங்கும் மேசைத்திரைகள் பல உண்டு. அவற்றுள் பெருவழக்குப் பெற்ற ஒன்று க்னோம். மெக்சிகோ நாட்டினரான மிகெல் டி இக்காசா, பெடெரிகோ மேனா ஆகிய இருவர் 1997ஆம் ஆண்டில் இதற்கு வித்திட்டனர்.

க்னோமின் இரண்டாம் வரிசைப் பதிப்பு 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது. திரையின் மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி. மேற்பட்டியில் பயன்பாடுகளுக்கும் கோப்பிடங்களுக்கும் கணினி அமைப்புக்களுக்கும் தனித்தனிப் பட்டியல்கள். கீழ்ப்பட்டியில் திறந்திருக்கும் சாளரங்களின் வரிசை. இதுவே அதன் தோற்றம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இவ்வமைப்பு பெருமாறுதலின்றி நீடித்தமையால் உபயோகிப்போரின் கைகளில் அது ஆழ்ந்து பதிந்தது.

மாறுதலும் அதன் காரணமும்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் க்னோமின் மூன்றாம் வரிசை வெளியாயிற்று. கீழ்ப்பட்டி மறைந்தது. மூன்று பட்டியல்களின் இடத்தில் 'செயற்பாடுகள்' என்னும் ஒரே சொல் நின்றது. சுட்டியைத் திரையின் இடது மேல்மூலைக்குக் கொண்டுசென்றால், திறந்திருக்கும் சாளரங்கள் யாவும் சிறு வடிவில் பரந்து தோன்றும். செய்ய விரும்பும் வேலையை அங்கிருந்து தேர்ந்துகொள்ள வேண்டும். சாளரத்தைச் சுருக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் நீக்கப்பட்டன. கணினியை நிறுத்தும் கட்டளைகூட மறைவிடம் சென்றது. உறக்கநிலைக்கு அனுப்பும் கட்டளை மட்டுமே பட்டியலில் காணப்பட்டது. 'ஆல்ட்' விசையை அழுத்தினாலன்றி நிறுத்தும் கட்டளை தோன்றவில்லை.

இவை மனம்போன போக்கில் செய்யப்பட்ட மாறுதல்கள் என்று கூறுவது நியாயமாகாது. வேலையில் ஈடுபட்டிருப்பவரின் கவனத்தைத் திரை சிதறடித்தலாகாது என்பது வடிவமைத்தோரின் நோக்கம். சுருங்கிய சாளரம் சென்று தங்குவதற்குக் கீழ்ப்பட்டியே இல்லாதபோது சுருக்கும் பொத்தானுக்கும் வேலையில்லை என்று அவர்கள் கருதினர். சாளரங்களைச் சுருக்கி வைப்பதற்குப் பதிலாக அவற்றை வெவ்வேறு பணியிடங்களில் பகிர்ந்து வைக்கலாம். சாளரத்தைத் திரையின் மேல்விளிம்புக்கு இழுத்தால் அது பெரிதாகிவிடும். அவர்களுடைய எண்ணத்தில் ஒரு தருக்க ஒழுங்கு இருந்தது. ஆனால் மக்களின் கைகளோ ஒன்பதாண்டுப் பழக்கத்தையே பின்பற்றின.

எழுந்த எதிர்ப்பு

அதே ஏப்ரல் மாதத்தில், லினக்ஸ் வெளியீடுகளுள் மிகப் புகழ்பெற்ற உபுண்டுவும் க்னோமின் பழைய முகத்தை விடுத்து, 'யூனிட்டி' என்னும் தன் சொந்த அமைப்பை மேற்கொண்டது. ஒரே காலத்தில் இரு பக்கமும் நிலம் பெயர்ந்தாற்போல் ஆயிற்று. ஒரு சொடுக்கில் முடிந்த வேலைக்கு இரண்டு மூன்று அசைவுகள் தேவைப்படுகின்றன என்றனர் சிலர். விருப்பம்போல் மாற்றியமைக்கும் வசதிகள் பறிபோயின என்றனர் வேறு சிலர். புதிய திரை முப்பரிமாண வரைகலையாற்றலை வேண்டியமையால், பழைய கணினிகளை வைத்திருந்தோர் குறைந்த வசதியுடைய மாற்றுத்திரையோடு நிற்க வேண்டியதாயிற்று. லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸே அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் புதிய க்னோமைப் பகிரங்கமாகக் கண்டித்து, 'எக்ஸ்எப்சிஇ' என்னும் எளிய மேசைத்திரைக்கு மாறினார்.

பாராட்டியோரும் இல்லாமலில்லை. ஒரு விசையை அழுத்தி இரண்டோர் எழுத்துக்களை அடித்ததும் வேண்டிய நிரல் எதிர்நிற்பதை விசைப்பலகையிலேயே வேலை செய்வோர் பெரிதும் விரும்பினர்.

உரிமத்தின் பயன்

ஒரு நிறுவனத்துக்கே உரிய மென்பொருளாயின், உபயோகிப்போர் முறையிடலாம்; பிறகு பொறுத்துக்கொள்ளவோ வேறொன்றை விலைக்கு வாங்கவோ வேண்டும். க்னோமின் மூலநிரலோ யாவரும் படிக்கவும், மாற்றவும், மீண்டும் வெளியிடவும் உரிமையளிப்பது. ஆகவே இங்கே எதிர்ப்பு ஆக்கவேலையாக உருவெடுத்தது.

அர்ஜென்டீனாவைச் சேர்ந்த ஒருவர் 2011ஆம் ஆண்டிலேயே க்னோமின் இரண்டாம் வரிசை நிரலை எடுத்துத் தொடர்ந்து வளர்க்க முற்பட்டார். புதிய க்னோமோடு மோதாதிருக்க அதன் பகுதிகளுக்குப் புதுப்பெயர்கள் இடப்பட்டன. தென் அமெரிக்க மக்கள் விரும்பிப் பருகும் ஒரு பானத்தின் பெயரால் அது 'மாத்தே' எனப்பட்டது. 'லினக்ஸ் மின்ட்' வெளியிடுவோர் வேறு வழியை நாடினர். மூன்றாம் வரிசையின் புதிய அடித்தளத்தின்மேல் பழைய ஒழுங்கைக் கட்டியெழுப்பி, அதற்குச் 'சின்னமன்' என்று பெயரிட்டனர்.

பழமையைக் காப்பதென்பது கைகட்டி நிற்பதன்று என்பதை மாத்தேயின் வரலாறு விளக்குகிறது. அதன் அடிப்படையாயிருந்த வரைகலை நூலகம் காலத்தால் பின்தங்கவே, நிரலைச் சிறிது சிறிதாகப் புதிய நூலகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. அப்பணி 2017ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. உபயோகிப்போர் காண்பது அதே பழைய திரை. ஆயினும் அதன் பின்னே பல்லாண்டு உழைப்பு அடங்கியுள்ளது. உரிமம் வழியைத் திறந்துவிட்டது. அவ்வழியே நடந்தவர்கள் இத்தொண்டர்கள்.

இணக்கம்

க்னோம் வடிவமைப்போரும் செவிசாய்த்தனர். திரையைத் தத்தம் விருப்பப்படி திருத்திக்கொள்ள உதவும் சிறு இணைப்பு நிரல்களுக்கு 2011 டிசம்பரில் தனி இணையதளம் அமைந்தது. நிறுத்தும் கட்டளை 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிப்படையாகத் திரும்பிற்று. 2013ஆம் ஆண்டில் பழைய ஒழுங்கை ஒத்த ஒரு முறையும் சேர்க்கப்பட்டது. இணைப்பு நிரல்களின் துணையோடு டோர்வால்ட்ஸும் அவ்வாண்டில் க்னோமுக்குத் திரும்பினார்.

2017ஆம் ஆண்டில் உபுண்டு யூனிட்டியைக் கைவிட்டுக் க்னோமுக்கு மீண்டபோது, யூனிட்டிக்குப் பழகியிருந்தோர் வருந்தினர்! முன்பு வெறுப்புக்கு ஆளான திரை ஆறாண்டுகளில் சிலருக்கு இழக்கவொண்ணாத பழக்கமாகிவிட்டது. அவர்களின் பொருட்டு 2020ஆம் ஆண்டில் யூனிட்டித் திரையுடன் கூடிய தனி வெளியீட்டை உருவாக்கியவர் இந்திய மாணவர் ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நாம் கொள்ளவேண்டிய படிப்பினை

நம் நாட்டிலும் சீ-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்னும் லினக்ஸ் வெளியீட்டை அளித்துள்ளது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய மென்பொருளைப் புகுத்துவோர் ஒன்றை மனத்திற்கொள்ளுதல் நலம். புதிய பதிப்பை நிறுவ ஒரு மணி நேரம் போதும்; கைப்பழக்கம் மாறப் பல வாரங்கள் செல்லும். நேற்றுவரை விரைந்து வேலை செய்த எழுத்தர் இன்று தடுமாறுவாராயின், அதனை அவருடைய திறமைக் குறைவாக எண்ணலாகாது. மாறுதலுக்கு முன்னரே பயிற்சியும், சிறிது காலத்துக்கேனும் பழைய திரையில் பணிபுரியும் வசதியும் அளித்தல் வேண்டும். மாணவருக்குப் பொத்தானின் இடத்தை மட்டும் கற்பித்தால் பொத்தான் இடம்பெயர்ந்த அன்றே அக்கல்வி பயனற்றுப்போம். கோப்பு யாது, சாளரம் யாது, நிரல் யாது என்று தெளிவாகக் கற்பித்தால் எத்திரை வந்தாலும் அவர் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார்.