வலி நின்றால் வேலை முடிந்ததா?

சரக்கு நிலவரமும் வரி விவரமும் வரும் பக்கத்தில் பல்லைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று நினைக்க வேண்டாம். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். ஆனால் ரூட் கேனல் என்கிற வேர் சிகிச்சையை இழுத்தடித்து ஒரு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவன். அந்த நஷ்டக் கணக்கைத்தான் இங்கே விரித்து வைக்கிறேன்.

2016 தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால், கீழ்வரிசை இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி. கிராம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவன் வேறு என்ன செய்வேன்? ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே சீசன் வியாபாரத்தைப் பார்த்தேன். கிராம்பில் உள்ள யூஜினால் என்ற சத்து நரம்பை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்சைடு பொடியில் குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். ஆனால் அது வலியை அமுக்குமே தவிர உள்ளே நடப்பதை நிறுத்தாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையும் அப்படித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? பல்லின் நடுவே ரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட கூழ் இருக்கிறது. அது மெல்லிய குழாய்கள் வழியாக வேர் நுனி வரை இறங்குகிறது. சொத்தை கூழைத் தொட்டுவிட்டால் கிருமி புகுந்து கூழ் அழுகும். பிறகு வேர் நுனியில் எலும்புக்குள் சீழ் கட்டும். ரத்த ஓட்டம் நின்றுபோன இடத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை போய்ச் சேர வழியில்லை. ஆகவே ஒன்று பல்லைப் பிடுங்க வேண்டும், இல்லை குழாயைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். இரண்டாவதுதான் வேர் சிகிச்சை.

மரப்பு ஊசி போட்டு, பல்லில் துளையிட்டு, ஊசி போன்ற மெல்லிய அரங்களால் குழாயைச் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுகிறார்கள். நாம் கடையில் விற்கும் பிளீச்சிங் திரவத்தில் இருப்பதும் இதே மருந்துதான்; அதற்காக வீட்டில் யாரும் வாய் கொப்பளித்துவிடாதீர்கள்! கடைசியில் குழாயை அடைப்பது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் சரக்கால். மலேயா பக்கத்து மரம் ஒன்றிலிருந்து எடுப்பது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாகக் கப்பல் கப்பலாகப் போன பண்டம், இன்று பல்லுக்குள் வந்து நிற்கிறது.

எனக்கு முதல் தடவையிலேயே கூழை எடுத்துவிட்டுத் தற்காலிக அடைப்பு வைத்தார்கள். வலி பறந்துவிட்டது. தீபாவளி கழித்து வரச் சொன்னார்கள். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அந்த நாட்களில் நம்மில் யாருக்குப் பல் ஞாபகம் இருந்தது? தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து, எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்கி, பொங்கல் முடிந்த வாரம் தாடை வீங்கிவிட்டது. சீழை வடித்து, குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, மூன்று நான்கு தடவை அலைந்து மாசியில் அடைத்து முடித்தார்கள். அந்த மருந்து வேறொன்றுமில்லை, நம் வெற்றிலைச் சுண்ணாம்பு ஜாதிதான்.

“இதோடு விடாதீர்கள், சீக்கிரம் கேப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் டாக்டர். மார்ச் கணக்கு முடியட்டும் என்றேன். பிறகு ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆடியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் சிறு கல். மொத்த வியாபாரி வீட்டுச் சோற்றிலேயே கல்! பல் மேலிருந்து வேர் வரை இரண்டாகப் பிளந்தது. சொத்தையும் துளையும் போக எஞ்சி நிற்பது வெறும் சுவர்தான். அதைக் கேப் மூடாவிட்டால் மெல்லும் பாரம் தாங்காது. அப்படிப் பிளந்த பல்லை ஒட்ட முடியாது. பிடுங்கினார்கள். அந்த இடத்தில் பல் கட்ட ஆன செலவு, நான் தள்ளிப்போட்ட கேப் செலவைப்போல் பல மடங்கு.

என் விஷயத்தில் குற்றம் என்னுடையது. ஒழுங்காகப் போனவர்களுக்கும் சில சிக்கல்கள் வரலாம். சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிப்பது சகஜம். நாளுக்கு நாள் வலி ஏறினாலோ வீங்கினாலோ உடனே திரும்பப் போக வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பொதுவாக மூன்று குழாய். மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நாலாவது ஒன்று ஒளிந்திருக்கும். அது விட்டுப்போனால் மாதங்கள் கழித்தும் சீழ் வரலாம். ஈறில் சின்னப் பரு கிளம்பி வடிவது அதற்கு ஓர் அடையாளம். வலியே இருக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. மறுபடி திறந்து சுத்தம் செய்ய வழியுண்டு. வளைந்த குழாயில் அரத்தின் நுனி முறிந்து தங்கிவிடுவதும் உண்டு. கேட்க பயமாக இருந்தாலும், குழாய் ஏற்கெனவே சுத்தமாகியிருந்தால் அப்படியே அடைத்துக் கண்காணிக்கலாம். ஆனால் டாக்டர் நம்மிடம் சொல்ல வேண்டும். கழுவும் மருந்து வேர் நுனியைத் தாண்டிவிட்டால் அங்கேயே கடும் வலியும் வீக்கமும் வரும். மருந்தோ அடைப்போ கீழ்த்தாடை நரம்பை எட்டினால் உதடு மரத்துப்போகும். இவை அபூர்வம். முன்பல் நிறம் மங்குவது அதைவிட அதிகம். மேல்பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வதில் மட்டும் உண்மையில்லை.

போகுமுன் சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இதய வால்வு ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். வால்வு மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எக்ஸ்ரே படங்களைக் கொள்முதல் பில் போலப் பத்திரமாக வையுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் உதவும்.

தாடைக்கடியில் வீக்கம் பரவி, காய்ச்சலோடு எச்சில் விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று: தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது பல் வலியாக இருக்காது. கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.