பெட்ரோல் குழாயைத் தின்னும் துரு

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? ஓடும்போது மட்டும் லேசாகப் பெட்ரோல் வாடை வீசி, நிறுத்திய சிறிது நேரத்தில் அது அடங்கிவிடுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துவிட்டு வீட்டில் பெரியவர்களிடமும் கொடுங்கள்.

போர்ட்டிக்சனில் இருக்கும் என் அப்பாவின் காருக்கு என் மாணவர்களைவிட வயது அதிகம். சில மாதங்களாகவே அதில் வாடை வந்துகொண்டிருந்தது. காலையில் தரையைப் பார்த்தால் ஒரு சொட்டும் இருக்காது. அதனால் அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கார் நிற்கும் இடத்திலிருந்து நாலடி தூரத்தில்தான் அம்மா மாலையில் விளக்கேற்றுவார். அது நினைவுக்கு வந்ததும் அன்றே காரைப் பட்டறைக்குக் கொண்டு போனோம்.

காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் அண்ணன், அடிப்பாகத்தில் ஓடும் எஃகுக் குழாயைக் காட்டினார். சுமார் 8 மில்லிமீட்டர் விட்டம் உள்ள குழாய் அது. பின்னால் இருக்கும் தொட்டியிலிருந்து முன்னால் இருக்கும் இயந்திரத்துக்குப் பெட்ரோலைக் கொண்டு செல்கிறது. வழிநெடுகக் கிளிப்புகள் அதைப் பிடித்திருக்கின்றன. வெளியே தெரிந்த பகுதியில் இலேசான பழுப்பு நிறம் மட்டுமே இருந்தது. அவர் ஒரு கிளிப்பைக் கழற்றினார். அதன் அடியில் குழாய் செதில் செதிலாக உதிர்ந்தது.

கிளிப்புக்கு அடியில் மட்டும் ஏன்?

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே அதிகம் அரிக்கப்பட வேண்டும்? நடப்பது நேர்மாறு.

துருப்பிடித்தல் ஒரு ரெடாக்ஸ் வினை. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை இழந்து அயனியாகக் கரைகிறது. அந்த இடம் ஆனோட். இன்னோரிடத்தில் ஆக்சிஜனும் நீரும் அந்த எலக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனிகள் ஆகின்றன. அது கேத்தோட். இரண்டுக்கும் இடையில் எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே செல்கின்றன, அயனிகள் நீரின் வழியே நகர்கின்றன. நீரில் உப்பு கலந்திருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடலோர ஊர்க் கார்கள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது கிளிப்பைப் பாருங்கள். அதன் இடுக்கில் மண்ணும் ஈரமும் தங்குகின்றன. கார் அதிரும்போது கிளிப் உராய்ந்து, குழாயின் பாதுகாப்புப் பூச்சையும் தேய்த்துவிடுகிறது. இடுக்கில் இருந்த ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துபோகும். புதிய ஆக்சிஜன் உள்ளே நுழைவது கடினம். ஆகவே ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் வெளிப்பகுதி கேத்தோட் ஆகிறது. ஆக்சிஜன் குறைந்த இடுக்கு ஆனோட் ஆகிக் கரைகிறது. குழாய்ச் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது ஓட்டையாக நெடுங்காலம் தேவையில்லை.

ஓட்டை ஒன்று, அறிகுறி இரண்டு

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் இயந்திரம் உள்ள கார்களில் பம்பு பெரும்பாலும் தொட்டிக்குள் இருக்கும். அது ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பெட்ரோல் மெல்லிய தூறலாக வெளியே அடிக்கும். இயந்திரம் நின்றதும் பம்பும் நின்றுவிடும், அழுத்தம் இறங்கிவிடும், கசிவும் அடங்கிவிடும். அப்பா காலையில் தரையில் எதையும் காணாததற்குக் காரணம் இதுதான்.

கார்புரேட்டர் உள்ள இன்னும் பழைய கார்களில் பம்பு பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும். அது பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. அப்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அதே ஓட்டை வழியாகப் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். வாடை வராமலேகூட இருக்கலாம். இயந்திரம் மேட்டில் ஏறும்போது மட்டும் திணறும்.

ஒரு லிட்டர் என்ன செய்யும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 740 கிராம். அதன் சராசரி மோலார் நிறையை 100 கிராம் என்று எடுத்துக்கொண்டால் 7.4 மோல் கிடைக்கும். அறை நிலையில் ஒரு மோல் வாயுவின் கன அளவு 24 லிட்டர். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் ஆவியானால் ஏறக்குறைய 178 லிட்டர் ஆவி. காற்றில் 1.4 விழுக்காடு பெட்ரோல் ஆவி கலந்திருந்தாலே அது தீப்பற்றும். அப்படியானால் இந்த 178 லிட்டர் ஆவி சுமார் 12.7 கன மீட்டர் காற்றை எரியக்கூடியதாக மாற்றிவிடும். அது ஒரு சிறிய அறையின் அளவு.

இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். கால்வாயில் இறங்கும், தூரத்தில் இருக்கும் நெருப்பையும் எட்டும்.

ஒட்டுப் போட்டால் போதாதா?

அப்பா அதைத்தான் கேட்டார். ஓட்டை விழுந்த ஒரு சாணை மட்டும் வெட்டிவிட்டு, ரப்பர் குழாயைச் செருகி வளையம் போட்டு இறுக்கினால் சில ரிங்கிட்டோடு வேலை முடியுமே!

மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "இன்னும் அஞ்சு கிளிப் இருக்கு. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க?" என்றார்.

அவர் சொன்னது அறிவியலும்கூட. எல்லாக் கிளிப்புகளும் அதே மழையிலும் உப்புக் காற்றிலும் அத்தனை ஆண்டுகள் இருந்தவைதான். மேலும், துருவால் குழிவிழுந்த பரப்பில் ரப்பர் சரியாக ஒட்டி உட்காராது. இறுக்கும் வளையத்துக்கு அடியில் புதிதாக ஓர் இடுக்கும் உருவாகிவிடும். சாதாரணத் தண்ணீர்க் குழாயாக இருந்தால், பெட்ரோல் அதன் ரப்பருக்குள் ஊடுருவி உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

குழாய் மாற்றும் முறை

இது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. வீட்டில் முயலக் கூடாது. ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு.

முதலில் இயந்திரம் நன்றாக ஆற வேண்டும். பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு இயந்திரத்தை முடுக்கினால், குழாயில் மீதமுள்ள பெட்ரோல் தீர்ந்து அது தானாக நிற்கும். அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பொறி தெறிக்காமல் இருக்க பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். பக்கத்தில் தூள் அல்லது நுரைத் தீயணைப்பான் இருக்க வேண்டும். தண்ணீர் உதவாது. பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும்.

பழைய குழாயை உடைக்காமல் கழற்றி, அதையே அச்சாக வைத்துப் புதியதை வளைக்க வேண்டும். கையால் வளைத்தால் குழாய் மடிந்து பாதை குறுகும் என்பதால் அதற்கென்று ஒரு கருவி உண்டு. வெட்டுவதற்கு ரம்பம் கூடாது. இரும்புத் தூள் உள்ளே போனால் இன்ஜெக்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். உருளும் கத்தி கொண்ட வெட்டியே ஏற்றது.

புதிய குழாய் பூச்சுள்ள எஃகாக இருக்கலாம். அல்லது 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் கலந்த உலோகமாக இருக்கலாம். அதில் இரும்பு மிகக் குறைவு என்பதால் செந்துரு அதை அரிப்பதில்லை. வெறும் செம்பு ஏற்றதல்ல. அதிர்வில் அது இறுகி, நாளடைவில் வெடிப்பு விடும்.

எல்லாம் பொருத்திய பின், இயந்திரத்தை முடுக்காமல் சாவியைத் திருப்பிப் பம்பை மட்டும் சில விநாடி ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் பார்க்க வேண்டும். எங்கும் ஈரம் இல்லை என்றால்தான் இயந்திரத்தை முடுக்கலாம்.

அப்பாவின் காரில் மற்ற ஐந்து கிளிப்புகளையும் கழற்றினோம். மூன்றின் அடியில் குழாய்ச் சுவர் விரல் நகத்தால் அழுத்தினால் நெளியும் அளவுக்கு மெலிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஒட்டு என்ற பேச்சை அப்பா எடுக்கவில்லை.

செய்து பாருங்கள்

ஓர் இரும்புத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அதில் ஒரு பெரிய சொட்டு உப்புநீர் வைத்து, காய்ந்துவிடாமல் கிண்ணத்தால் மூடுங்கள். சில மணி நேரம் கழித்துத் துருவைத் துடைத்துவிட்டு, சொட்டின் விளிம்பில் இருந்த இரும்பையும் நடுவில் இருந்த இரும்பையும் உருப்பெருக்கியால் ஒப்பிடுங்கள். எது அதிகம் அரிக்கப்பட்டிருக்கிறது? ஏன்? விடையை எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.