பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு

சாங்கி முனை படகுத்துறை, சனிக்கிழமை காலை. படகோட்டி தலைகளை எண்ணுகிறார். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார். விடுமுறையில் அது சில நிமிட வேலை. வார நாளில் போனால் காத்திருக்க வேண்டும். தேக்காவில் வாங்கிய இடியாப்பப் பொட்டலத்தை நான் அங்கேயே பிரித்துவிடுவது வழக்கம்.

பத்து, பதினைந்து நிமிடத்தில் புலாவ் உபின். ஜூன் விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்கும் வானொலி நேயர்களுக்கு நான் சொல்லும் இடம் இதுதான். மிதிவண்டி, இளநீர், ஏரிக்கரையில் நாரைகள்.

அந்த ஏரிகள் இயற்கையாக வந்தவை அல்ல. கருங்கல் வெட்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி ஏரிகளாகிவிட்டன. 1851ல் ஒளிவீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கும், 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபின் கல் போயிருக்கிறது. ஜோகூருக்குச் சாப்பிடப் போகும்போது இந்தத் தீவின் மீதும் கொஞ்சம் பயணம் செய்கிறோம்!

கல் இருந்தவரை ஊர் இருந்தது. 1970களில் ஏறத்தாழ 2,000 பேர். வேலை குறையக் குறைய இளையர்கள் வீவக வீடுகளுக்கு மாறினார்கள். பின் கியாங் பள்ளி 1985ல் மூடப்பட்டது. 1999ல் கல்லுடைப்பும் நின்றது. இப்போது அங்கேயே குடியிருப்பவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. பெரும்பாலும் முதியவர்கள். கிணற்றுத் தண்ணீர், பல வீடுகளில் டீசல் மின்சாரம்.

2014 முதல் உபின் திட்டத்தின்கீழ் தீவின் இயற்கையையும் கம்பத்து மரபையும் காக்கும் பணி நடக்கிறது. நல்ல முயற்சிதான். பலகை வீட்டைச் செப்பனிட்டுவிடலாம். மாலையில் அதன் வாசலில் விளக்கேற்ற ஆள் வேண்டுமே? நாம் எல்லாரும் ஐந்து மணிக்குப் படகைப் பிடிக்க ஓடுகிறவர்கள்.

அண்மையில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். மிதிவண்டிக் கடைகள் பாதி மூடிக்கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் முதியவர் ஒருவர் யாரும் எடுக்காத வண்டிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இங்கேதான் பிறந்தாராம். பிள்ளைகள் தெம்பனிஸில். சனிக்கிழமை உதவிக்கு வருவார்களாம்.

திரும்பும்போது படகுத்துறையில் ஆறு பேர்தான் இருந்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேருக்கான கட்டணத்தை எங்களுக்குள் பங்கிட்டுக் கொடுத்துக் கிளம்பினோம்.