கருவாட்டுக் கூடையும் கல்பாக்கமும்

மேல்மலையனூரில் கடல் இல்லை, கருவாடு உண்டு. கறி வாங்க முடியாத நாளில் சேரிக் குழம்புக்கு அதுதான் துணை.

2023 ஆகஸ்ட் 24 அன்று ஜப்பான் தன் ஃபுகுஷிமா அணுஉலை நீரைக் கடலில் திறந்தது. உடனே ஜப்பானிய மீனுக்குத் தடை போட்டது சீனா. நமக்குப் பக்கம் கல்பாக்கம். 1984 முதல் அங்கே அணுமின் உற்பத்தி. திரவக் கழிவை அளவு பார்த்து, நீர் கலந்து, வங்கக் கடலில் விடுகிறார்கள். கழிவிலுள்ள டிரிட்டியம் மீனில் அதிகம் தங்காது. சீசியம்-137 சதையில் சேரும்; பாதியாகக் குறையவே 30 ஆண்டு. உப்பும் வெயிலும் அதை அழிக்காது.

அங்குள்ள ஆய்வுக்கூடம் மீனைச் சோதிக்கிறது, வரம்புக்குள்தான் என்கிறார்கள். இருக்கட்டும், அந்த அளவு கருவாடு விற்கும் அக்காவுக்குத் தெரியுமா? வதந்தி கிளம்பினால் முதலில் படுப்பது அவர் வியாபாரம்தானே!

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், மாணவர்களே தமிழில் கேட்கலாம். வரும் பதிலை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள்.