முன்பு கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்கவில்லை?

இரண்டாம் வகுப்பில் மாத்திரை தொடங்கியதும் பிள்ளை உட்கார்ந்து எழுதியது. ஒன்பதாம் வகுப்பிலும் அதே மாத்திரைதான், ஆனால் நோட்டில் பாதிப் பக்கம் காலி. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறுள்ள பிள்ளைகளின் வீடுகளில் இது நடப்பதுதான். 2013இல் வெளியான கோவை ஆய்வு ஒன்றில், 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 11.32 சதவீதத்தினருக்கு இக்கோளாறு இருந்தது. ஆக, அபூர்வ நோயல்ல.

'உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' என்று முடிவு கட்டுமுன் கடிகாரத்தைப் பாருங்கள். அதிகம் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட்டின் சாதாரண வகை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம். கொட்டிவாக்கத்தில் காலை ஏழரைக்கு மாத்திரை போட்டுவிட்டு வேன் ஏறும் ஏழு வயதுப் பிள்ளை, மாலை ஐந்துக்குக் கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மருந்து தேவைப்படவில்லை. பதினான்கு வயதில் அதே நேரத்தில் திருவான்மியூரில் டியூஷன், இரவு பத்து வரை வீட்டுப்பாடம். நாள் நீண்டுவிட்டது, மாத்திரை நீளவில்லை. 20 கிலோ உடம்பும் 50 கிலோ ஆகியிருக்கும். எடையை மட்டும் வைத்து டோஸ் முடிவாவதில்லை என்றாலும், பழைய அளவே போதுமா என்று பார்த்தாக வேண்டும்.

வளரிளம் பருவத்தில் துறுதுறுப்பு தானே குறையும், கவனச்சிதறல் தங்கிவிடும். பாடமோ, திட்டமிட்டுப் படிக்கச் சொல்கிறது. நள்ளிரவு வரை செல்போன், மனப்பதற்றம், வெட்கப்பட்டு மாத்திரையை ஒளித்து வைப்பது எல்லாம் சேர்ந்தால் மருந்தின் மீது பழி விழும்.

பழகிப்போவதே இல்லையா? இருக்கலாம். இக்கோளாறு இருந்தும் அதுவரை மருந்தே எடுக்காத 18 பெரியவர்களுக்கு ஓராண்டு மீத்தைல்ஃபெனிடேட் கொடுத்தபோது, டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் புரதம் மூளையின் ஒரு பகுதியில் 24 சதவீதம் கூடியிருந்தது. அந்தப் புரதம் கூடினால் மருந்தின் பலன் குறையலாம். ஆனால் இது சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் நடந்தது.

இக்கோளாறுள்ள 579 பிள்ளைகளைத் தொடர்ந்த எம்.டி.ஏ. ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த இவர்களில், மாதாமாதம் மருத்துவர் கவனித்து டோஸைச் சரிசெய்த பிள்ளைகள் 14 மாத முடிவில் நன்றாகத் தேறினார்கள். பிறகு அந்தக் கண்காணிப்பு நின்றது. மூன்றாம் ஆண்டில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. காரணம் எது என்பதில் வாதம் உண்டு. கவனிப்பு தளர்ந்ததற்கு அதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

நம்மூரில் கவனிப்பு தளர இன்னொரு வழியும் இருக்கிறது. மீத்தைல்ஃபெனிடேட், கடும் கட்டுப்பாட்டுடன் விற்கப்படும் மருந்துகளின் எக்ஸ் அட்டவணையில் உள்ளது. சீட்டு இரண்டு பிரதிகளில் வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைப்பதுமில்லை. இந்த அலைச்சலில், மருத்துவரைப் பார்ப்பதே சீட்டு வாங்கத்தான் என்றாகிவிடுகிறது.

அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். நேரம் மாற்றலாமா, வகை மாற்றலாமா, அடோமோக்ஸெடின் போன்ற வேறு மருந்து பொருந்துமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். எடை, தூங்கும் நேரம், கவனம் கலையும் நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். பிள்ளையை வெளியே உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப் போய், மருந்து எத்தனை மணிக்கு விட்டுப்போகிறது என்று அதனிடமே கேட்கச் சொல்லுங்கள்.