மழைநீர் தேங்கும் வீட்டில் மேட்டுப்பாத்தி

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் போதும், சென்னையில் பல வீட்டுத் தோட்டங்களில் மிளகாயும் தக்காளியும் வாடித் தொங்கிவிடும். தண்ணீருக்கு நடுவே நிற்கும் செடி ஏன் வாடுகிறது? வேருக்கும் காற்று வேண்டும். மண்துகள்களின் இடைவெளியெல்லாம் நீர் நிரம்பிவிட்டால் வேர் செயலிழந்துபோகும். சுற்றியிருக்கும் தண்ணீரைக்கூட அதனால் உறிஞ்ச முடியாது. களிமண் பகுதிகளிலும், வீடு கட்டியபோது கொட்டிய இடிபாடு இறுகிக் கிடக்கும் மனைகளிலும் இந்தத் தொல்லை அதிகம்.

இதற்கு நம் உழவர்களிடமே வழி இருக்கிறது. மிளகாய், தக்காளி, கத்தரி விதைகளை அவர்கள் மேட்டுப்பாத்தி அமைத்துத்தான் நாற்றுவிடுகிறார்கள். நீர் வடிந்தால் நாற்றழுகல் குறையும். அதே பாத்தியைச் சுற்றிக் கல் அடுக்கி ஓரடிக்கு உயர்த்தினால் வீட்டுக் காய்கறிக்குப் போதும்.

அகலம் நான்கடியைத் தாண்ட வேண்டாம். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகி, செய்த வேலையெல்லாம் வீணாகும். மதிலை ஒட்டினால் இரண்டடி போதும். தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மழைக்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், புடலை, பாகல் பந்தலை வடக்கு ஓரத்தில் போட்டால் மற்ற செடிகளுக்கு நிழல் கட்டாது.

பலரும் தவறுவது அடிப்பகுதியில்தான். மண் வெளியேறிவிடுமே என்று சிமென்ட் தளம் போடுகிறார்கள், தார்ப்பாய் விரிக்கிறார்கள். அது தொட்டியாகிவிடும். அடி திறந்தே இருக்கட்டும். கீழிருக்கும் தரையையும் அரையடி ஆழத்துக்குக் கடப்பாரையால் கிளறிவிடுங்கள். ஜல்லி பரப்பினால் நீர் வடியும் என்பதும் பரவலான நம்பிக்கை. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளி கொண்ட ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் நன்றாக ஊறிய பிறகே இறங்கும். ஆகவே ஜல்லி போட்டால் ஈரம் வேர்ப்பகுதியிலேயே நிற்கும்.

சுற்றுச்சுவருக்கு ஹாலோ பிளாக்கை இரண்டு வரிசை அடுக்கினால் ஒன்றேகால் அடிக்கு மேல் வரும். சாந்து பூச வேண்டியதில்லை, இடுக்குகள் வழியாக நீர் வடியும். தென்னை மரத்துண்டும் ஆகும். ஆனால் கரையான் ஏறும், சீக்கிரம் மக்கும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, பழைய பெயின்ட் பூசிய கதவுப்பலகை இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். முதலாவதன் நார் நுரையீரலைக் கெடுக்கும்; இரண்டாவதில் ஈயம் இருக்கலாம். உண்ணும் காய்க்கு அருகே அவை வேண்டவே வேண்டாம்.

எட்டடி நீளம், நான்கடி அகலப் பாத்திக்கு 32 கன அடி மண் பிடிக்கும், ஏறக்குறைய ஒரு யூனிட்டில் மூன்றிலொரு பங்கு. பாதி செம்மண், மூன்றிலொரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், மீதிக்குத் தென்னை நார்க்கழிவு என்ற கலவை நல்லது. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பச்சைச் சாணத்தைப் போட்டால் சூடு கிளம்பும், காண்டாமிருக வண்டின் புழுவும் வந்துசேரும். இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலக்கலாம். நனைந்தால் பாத்தி மண்ணின் எடை ஒரு டன்னைத் தாண்டும். பொறியாளரைக் கேட்காமல் மொட்டை மாடியில் ஏற்றாதீர்கள்.

பாத்தியை மழைக்கு ஒரு மாதம் முன்பே, ஆவணியிலேயே நிரப்பிவிடுவது நல்லது. மண் சில அங்குலம் அமுங்கும். அதன்மேல் மறுபடி உரம் போட்டுச் சமப்படுத்திவிட்டு நாற்று நடலாம். கீரையும் வெண்டையும் நேரடி விதைப்பிலேயே வரும்.

கோடையில் கவனம் வேறுமாதிரி வேண்டும். உயர்ந்த பாத்தி தரையைவிட வேகமாகக் காய்வதால் காலையில் ஒருமுறை நீர் கட்டாயம். சித்திரை வெயிலில் மாலையிலும் ஊற்ற வேண்டிவரும். காய்ந்த இலை, வைக்கோல் கொண்டு மூன்று விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போட்டால் அந்த வேலை பெருமளவு குறையும்.